கேட்டுப் பார்த்து வாங்குங்கள்

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்து வைத்த வேர்ட் ஃபைலைப் பார்வையற்ற ஊழியர் ஒருவர் திறக்கிறார். அருகில் இருப்பவர் கண்ணுக்கு அது நல்ல தமிழ். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேட்டால் காதில் விழுவது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். எழுத்தின் வடிவத்தை ஸ்கிரீன் ரீடர் பார்ப்பதில்லை; அடியில் இருக்கும் குறியீட்டைத்தான் வாசிக்கும். அங்கே இருப்பதோ ஆங்கிலக் குறியீடு. எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் இந்தக் கோளாறு தீராது.

யூனிகோடில் அடித்தால் தீரும். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதமே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் டிடிபி கடைகளும் சில அலுவலகங்களும் பழைய எழுத்துருவை விட்டபாடில்லை. பழைய ஃபைல்களை மாற்றப் பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. எனவே மென்பொருளுக்கு விலை விசாரிக்கும் முன், அலுவலகத்தில் எந்த எழுத்துருவில் அடிக்கிறார்கள் என்று விசாரிப்பது நல்லது.

ஒரு காலத்தில் ஸ்கிரீன் ரீடரே பெரிய செலவாக இருந்தது. ‘ஜாஸ்’ திறமையானதுதான், ஆனால் விலை சாமானியருக்கு எட்டாது. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. அந்தக் கவலையைப் போக்கியது. அது இலவசம். கூடவே வரும் ஈ-ஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும், இயந்திரத்தனமாகத்தான். விண்டோஸின் ‘வள்ளுவர்’ குரலைச் சேர்த்துக்கொண்டால் காதுக்கு இதமாக இருக்கும்.

இனி எழுதும் மென்பொருள். நாள் முழுவதும் கடிதமும் அறிக்கையும் தயாரிப்பவருக்கு, கணினியில் நிறுவிய வேர்ட்தான் இன்றைக்கும் நம்பிக்கையான தேர்வு. காசு இல்லாதவர் லிப்ரே ஆஃபிஸை எடுக்கலாம். சாதாரணக் கடிதங்களுக்கு அது போதும். பலர் சேர்ந்து திருத்தும் வேலைக்கு கூகுள் டாக்ஸ் வசதியானது. அதில் ஸ்கிரீன் ரீடர் ஆதரவு என்ற அமைப்பை முதலில் இயக்க வேண்டும். இல்லையேல் ஆவணம் ஊமையாகிவிடும்.

வாங்குவதற்கு முன், மவுஸை ஒதுக்கிவிட்டுச் சோதனைப் பதிப்பில் ஒரு மணி நேரம் உட்காருவது அவசியம். தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு பக்கம் அடித்து, பிழை திருத்தி, ஒரு அட்டவணை போட்டுப் பார்க்கட்டும். மேலதிகாரி ‘டிராக் சேஞ்சஸ்’ போட்டுத் திருத்திய ஃபைலைத் திறந்து, எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று காதுக்குத் தெரிகிறதா என்று கவனிக்கட்டும். அது தெரியாமல் கையெழுத்துக்கு அனுப்பினால் பழி ஊழியர் தலையில்தான் விழும். சோதிப்பவர் அதைத் தினமும் பயன்படுத்தப்போகிறவராக இருக்க வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்ட கணினிப் பிரிவுக்காரர் அல்ல.

ஃபைலை அனுப்புகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. வரியைப் பெரிதாக்கி போல்டு போட்டால் கண்ணுக்குத் தலைப்பு. காதுக்கு அதுவும் ஒரு வரி, அவ்வளவுதான். ‘ஹெடிங்’ ஸ்டைல் கொடுத்தால், நீண்ட அறிக்கையிலும் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போகலாம். வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், 1 ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும் வேலைதான் இது.

பயனாளரைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் உதாரணம். திறந்த ஆவண வடிவத்துக்கு மாறப்போவதாக 2005-இல் அந்த அரசு அறிவித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த வடிவத்தைப் பயன்படுத்திய அன்றைய ஓப்பன் ஆஃபிஸ் ஸ்கிரீன் ரீடரோடு ஒத்துழைக்காததால் மாற்றுத்திறனாளி அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பு வீண் போகவில்லை. 2006 இறுதியில் ஐபிஎம் நிறுவனம் ‘ஐ-அக்ஸசிபிள்-2’ என்ற இணைப்பு முறையை வெளியிட்டது. பின்னாளில், ஓப்பன் ஆஃபிஸின் வழிவந்த லிப்ரே ஆஃபிஸ் விண்டோஸில் ஓரளவு பேசத் தொடங்கியது அதன் துணையால்தான்.

இந்தியாவில் சட்டம் கையிலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 20-ஆவது பிரிவுப்படி, அரசு அலுவலகம் தன் ஊழியருக்கு ஏற்ற வசதியைச் செய்து தர வேண்டும். எழுதும் மென்பொருளும் அந்த வசதியில் அடங்கும் என்று கேட்க முழு நியாயம் இருக்கிறது. சட்டத்தை முதல்முறை மீறினால் 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு வழி செய்கிறது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அரசு ஊழியர் முதலில் போக வேண்டிய இடம், 23-ஆவது பிரிவுப்படி அவர் அலுவலகத்திலேயே இருக்க வேண்டிய குறைதீர் அலுவலர். பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட அளவிலான குழுவை நாடலாம். மாநில ஆணையரிடமும் முறையிடலாம். ‘சாஃப்ட்வேர் சரியில்லை’ என்று ஒற்றை வரியில் எழுதினால் மனு கிடப்பில் போய்விடும். மென்பொருளின் பெயர், பதிப்பு, ஸ்கிரீன் ரீடரின் பதிப்பு, எந்த விசையை அழுத்தியபோது எது கேட்கவில்லை என்பதையெல்லாம் தேதியோடு எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.