பூனைக்குக் கோபம் வந்தால்...

நாய் வாலை ஆட்டினால் அதற்குச் சந்தோஷம். பூனை வாலை ஆட்டினால்?

கோபம்!

இது தெரியாமல் குழந்தைகள் ஓடிப் போய்ப் பூனையைத் தூக்குகிறார்கள். அடுத்த நொடியே, "அம்மா! பூனை பிறாண்டிவிட்டது!" என்று அழுகிறார்கள்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் பூனைக்கு வேலை அதிகம். வீட்டில் நெல்லும் சோளமும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். தறிக்காரர் வீட்டில் நூல் இருக்கும். கோழிப் பண்ணைகளில் தீவனம் குவிந்திருக்கும். இங்கெல்லாம் எலி வராமல் இருக்குமா? எலிக்காக வந்த பூனை, நாளடைவில் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறது. சோறு வைக்கிறோம். மடியில் படுக்க விடுகிறோம். ஆனால் அதன் கோபம் மட்டும் நமக்குப் புரிவதில்லை.

சொல்லிவிட்டுத்தான் பாயும்!

பூனை திடீரென்று பாய்வதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

முதலில் வால் நுனி துடிக்கும். பிறகு வால் முழுவதும் "பட், பட்" என்று தரையில் அடிக்கும். காதுகள் பக்கவாட்டில் திரும்பும். கோபம் ஏற ஏற, காதுகள் தலையோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணின் கருமணி விரியும். அப்போதும் நாம் விடாவிட்டால், "ஸ்ஸ்..." என்று சீறும். அதன் பிறகுதான் நகம் வெளியே வரும்.

சில நேரங்களில் பூனை முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நிற்கும். உடம்பில் உள்ள மயிர் எல்லாம் குத்திட்டு நிற்கும். வால் இரண்டு மடங்கு பருத்துவிடும். ஏன் இந்தக் கோலம்? எதிரியின் கண்ணுக்குத் தான் பெரிய ஆளாகத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான்!

இங்கிலாந்து விஞ்ஞானி டார்வின், மனிதரும் மிருகங்களும் உணர்ச்சிகளை எப்படிக் காட்டுகின்றன என்பது பற்றி 1872-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இப்படி நிற்கும் ஒரு பூனையின் படம் இருக்கிறது. அது நாயைக் கண்டு பயந்த பூனை!

கோபத்துக்குள் பயம்

ஆம். பூனையின் கோபத்தைக் கிளறிப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் பயம் இருக்கும். அல்லது வலி இருக்கும்.

தீபாவளி வெடிச் சத்தம், வீடு நிறைய விருந்தாளிகள், வாலைப் பிடித்து இழுக்கும் குழந்தை... இவை எல்லாம் பூனையை மிரட்டும். ஜன்னலுக்கு வெளியே அடுத்த தெருக் கடுவன் பூனை வந்து உறுமினாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் நீங்கள் போய்த் தடவினால், கடுவனுக்கு விழவேண்டிய அடி உங்கள் கையில் விழும்! ஆபீசில் வந்த கோபத்தை வீட்டில் காட்டும் மனிதர்கள் இல்லையா? அது போலத்தான்.

"நான் திட்டினேன். அதற்காகப் பாயில் சிறுநீர் கழித்துப் பழி வாங்கிவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். பூனைக்கு அப்படிப் பழி வாங்கத் தெரியாது. கலக்கமோ, நோயோதான் காரணம்.

முக்கியமாக, ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வது உண்டு. அடிக்கடி உட்கார்ந்து முக்கும். கத்தும். ஒரு சொட்டுக்கூட வராது. தொட்டால் கடிக்க வரும். "பூனைக்குத் திமிர்" என்று விட்டுவிட்டால் இரண்டு, மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் தூக்கிச் செல்லவேண்டும். நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் சிகிச்சை பெறலாம்.

வலிக்கிறதே என்று நாம் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். அரை மாத்திரைகூட உயிரைக் குடித்துவிடும்.

அடிக்கலாமா?

கூடாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை அணுகாது என்பார்கள். உங்கள் கையால் அடிபட்ட பூனை, உங்கள் கையையே அணுகாது. நீங்கள் அன்போடு கை நீட்டினாலும் சீறும்.

வால் அடிக்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். பூனையை முறைத்துப் பார்க்காதீர்கள். மூலையில் மடக்காதீர்கள். கதவைத் திறந்து வழி விடுங்கள். பரண்மேல் ஏறி உட்கார்ந்தால், அங்கேயே இருக்கட்டும். தானாக இறங்கி வரும்.

அமைதியான பிறகு, அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள். பூனையும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். இப்படிச் செய்தவர்களிடம் பூனைகள் விருப்பத்தோடு வந்தனவாம்!

கடித்துவிட்டால்?

"நம் வீட்டுப் பூனைதானே" என்று சும்மா இருக்காதீர்கள். இரவில் அது எங்கெங்கோ சுற்றுகிறது. வெறி பிடித்த நாய் அதைக் கடித்திருக்கலாம். வெறிநோய் பூனைக்கும் வரும். பூனையிடம் இருந்து மனிதருக்கும் வரும். நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால், காப்பாற்றுவது அநேகமாக முடியாது. ஆனால் உடனே ஊசி போட்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம்.

கடித்தாலும், பிறாண்டினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ம் நாட்களில் போடுவார்கள். டாக்டர் சொல்லும் நாட்களில் தவறாமல் போட்டு முடிக்கவேண்டும். பூனைக்கும் ஆண்டுதோறும் தடுப்பு ஊசி போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு விஷயம். பூனை கடித்ததைப் பல குழந்தைகள் வீட்டில் சொல்வதே இல்லை. "ஏன் அதைச் சீண்டினாய்?" என்று அடி விழும் என்ற பயம்! சிறிய காயம் ஆறிவிடும். பெற்றோருக்கும் தெரியாமல் போய்விடும். ஆனால் உள்ளே போன நோய், பல வாரங்கள் கழித்துக்கூடத் தலை காட்டும்.

ஆகவே, இன்றைக்கே உங்கள் குழந்தைகளை அருகில் அழைத்துச் சொல்லுங்கள்:

"பூனை வாலை அடித்தால் தொடாதே. கடித்துவிட்டால் உடனே என்னிடம் சொல். நான் திட்டமாட்டேன்."