வடிகட்டலும் வடித்தலும்



தாமல் வராகீசுவரப் பெருமானுக்குத் திருமஞ்சனம் ஆட்டுங்கால் பால், தயிர், இளநீர் முதலியவற்றோடு பன்னீரும் சொரிகின்றோம். பால் கறந்தவாறே வருவது. இளநீர் வெட்டியவாறே வருவது. பன்னீரோ நெருப்பைக் கடந்து வருவது. அதன் பிறப்பை எண்ணின் அரியதொரு சமய உண்மை விளங்கும்.

'வடித்தல்' என்னுஞ் சொல் பல பொருள் தரும். உலையிலிருந்து கஞ்சியை வடிக்கின்றோம். சிற்பி சிலை வடிக்கின்றான். வேண்டாதது நீங்கி வேண்டுவது நிற்றலே இரண்டிற்கும் பொது. ஆயினும் துணியில் வடிகட்டுதல் வேறு. வாலை என்னுங் கலத்திற் காய்ச்சி வடித்தல் வேறு. கலங்கல் நீரைத் துணி தெளிவிக்கும், உப்புநீரைத் தெளிவிக்கமாட்டாது. உப்பு நீரோடு ஒன்றாய்க் கரைந்து நிற்பதே காரணம். அங்கே தீ வேண்டும். நீர் ஆவியாய் மேலெழ, உப்பு அடியில் தங்கும். எழுந்த ஆவியும் குளிர்ந்தாலன்றித் துளியாகாது. காற்றோடு கலந்து போகும். ரோசா இதழ்களின் மணம் பன்னீராவதும் இவ்வாறே. இங்ஙனம் வடித்த மருந்தைச் சித்த மருத்துவர் 'தீநீர்' என்பர்; ஓமத் தீநீரை நாம் அறிவோம். பெயரிலேயே தீயும் நீரும் கூடி நிற்றல் காண்க.

உயிரைப் பற்றிய ஆணவமலம் கலங்கல் அன்று. கரைந்த உப்புப் போல்வது. புறத்தூய்மை மட்டும் அதனை நீக்காது. ஆதலின் இறைவன் மறக்கருணையாற் காய்ச்சி, அறக்கருணையாற் குளிர்விக்கின்றான். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நாவுக்கரசர் வரலாறு இதற்குச் சான்று. சூலைநோய் அவரைச் சுட்டது. அத்தீயோடு நின்றிருந்தால் அவர் வெந்தே போயிருப்பார். தமக்கையார் திலகவதியார் திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார், அது தண்மை. இரண்டும் கூடியபோதே தேவாரம் துளித்தது. பின்னர்க் காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னனும் சிவநெறி சார்ந்தான் என்று பெரியபுராணம் கூறும்.

அன்பர்களே, அண்டை வீட்டில் நோயோ இழப்போ நேர்ந்தால், "இதுவும் அவன் அருளே" என்று சொல்லிவிட்டு நீங்குதல் முறையன்று. அது தண்மையின்றித் தீயை மட்டும் மூட்டுவதாகும். காய்ச்சுதல் இறைவன் செயல். அது நம் கையில் இல்லை. குளிர்விக்குந் தொண்டோ நம்மிடமும் ஒப்புவிக்கப்பட்டுள்ளது. ஒரு கவளம் சோறு, ஓர் இரவுத் துணை, நெற்றியில் இடும் ஒரு சிட்டிகை திருநீறு ஆகிய இவை போதும். திலகவதியார் செய்ததும் இதுவே. அத்தொண்டினைச் செய்து உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.