சமவலுச் சுற்றும் அதன் எல்லையும்

மின்கலம் ஒன்றும் தடை ஒன்றும் கொண்ட சுற்றினை ஓமின் விதி அறிந்த சிறுவனும் தீர்த்துவிடுவான். தடைகள் பலவாகி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போதே இடர் தொடங்குகின்றது. 1845இல் கேர்ச்சோவ் வகுத்த விதிகள் எத்தகைய வலைக்கும் போதியனவே. ஆயினும், கண்ணிகள் பெருகச் சமன்பாடுகளும் பெருகும். ஒரு தடையை மட்டும் மாற்றி மாற்றி விடை காணவேண்டின், அத்தனை சமன்பாடுகளையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்க நேரிடும். இவ்விடரை நீக்குவது சமவலுச் சுற்று என்னும் கருத்து.

மின்முதல்களும், ஓமின் விதிக்கமைந்த தடைகளும் நிறைந்த ஒரு வலையிலிருந்து இரு முனைகள் மட்டும் வெளியே நீட்டப்பட்டுள்ளன என்று கொள்வோம். அம்முனைகளில் நின்று நோக்குவார்க்கு உள்ளிருப்பது முழுவதும் ஒரேயொரு மின்முதலும் அதனோடு தொடராயமைந்த ஒரேயொரு தடையும் போலவே நடந்துகொள்ளும். முனைகளில் எதனையும் தொடுக்காதபோது காணும் அழுத்த வித்தியாசமே அம்மின்முதலின் அளவு. உள்ளிருக்கும் மின்முதல்களை நீக்கி, அவற்றின் அகத்தடைகளை மட்டும் நிறுத்தி, முனைகளிலிருந்து நோக்கக் கிடைப்பதே அத்தடையின் அளவு.

பிரான்சுத் தந்தித் துறைப் பொறியியலாளரான தெவெனின் 1883இல் வெளியிட்டமையால் இத்தேற்றம் அவர் பெயரால் வழங்குகின்றது. உண்மையில், 1853இலேயே எல்மோற்சு என்னும் செருமானிய அறிஞர் விலங்குடலின் மின்னோட்டங்களை ஆராய்ந்தவிடத்து இதனைக் கூறிவிட்டார். தசையினுள் நிகழ்வது கண்ணுக்குப் புலனாகாது; இரு முனைகளை வைத்து அளப்பதொன்றே அவருக்கு இயன்றது. அத்தகைய நிலையில் இக்கருத்துப் பிறந்தமை வியப்பன்று. தொடர், சமாந்தரம் என்று பிரிக்கவியலாத பின்னல்களை எளிதாக்கும் உடு–முக்கோண மாற்றத்தை 1899இல் வெளியிட்ட கெனலி, பம்பாயின் கொலாபாவில் 1861இல் பிறந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எடுத்துக்காட்டொன்று காண்போம். அகத்தடையற்ற 12 வோல்ற்று மின்கலவடுக்கு ஒன்றுடன் 6 ஓம் தடைகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டாம் தடையின் இரு முனைகளையும் வெளிமுனைகளாகக் கொள்க. ஆங்கே அழுத்த வித்தியாசம் 6 வோல்ற்று. மின்கலவடுக்கை நீக்கி அவ்விடத்தைக் கம்பியால் இணைப்பின், இரு தடைகளும் சமாந்தரமாகி 3 ஓம் ஆகும். ஆகவே சமவலுச் சுற்று 6 வோல்ற்றும் 3 ஓமும் கொண்டது. வெளியே 3 ஓம் தொடுத்தால் அதன் குறுக்கே 3 வோல்ற்று. 9 ஓம் தொடுத்தால் 4.5 வோல்ற்று. முதற்சுற்றை நெடுவழியிலே தீர்த்தாலும் இவ்விடைகளே வரும்.

மாணாக்கர் பலர் இடறுவது இதன்பின்னரே. வெளியே ஒன்றும் தொடுக்காத வேளையில் உள்ளே வீணாகும் வலு எவ்வளவு என்று வினவினால், சமவலுச் சுற்றை நோக்கிச் சுழியம் என்பர். மெய்ச்சுற்றிலோ 12 ஓமினூடாக 1 அம்பியர் ஓடி, 12 உவாற்று வெப்பமாகிக்கொண்டிருக்கும்! சமவலு என்பது வெளிமுனைகளுக்கு மட்டுமே உரியது. உள்ளே நிகழ்வதைப்பற்றி அது யாதும் கூறாது. தேற்றத்தைச் சூத்திரமாக மனனம் செய்விக்கும் நூல்கள் இதனை ஓரிரு சொல்லிற் கடந்துவிடுவது குறையே.

யாழ்ப்பாணத்தார் பலர்க்கு இத்தேற்றத்தின் சாரம் நூல்வழி வந்ததன்று. 1990இன் பின் குடாநாட்டில் மின்வழங்கல் அற்று, மின்கலங்களும் கிடைத்தற்கரியனவாயிருந்த ஆண்டுகளில், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ரோச் விளக்கை எரிக்கமாட்டாத பழைய உலர்கலம் சுவர்க்கடிகாரத்தைப் பின்னும் நெடுநாள் ஓட்டும் என்பதையும் வீடுகள் அறிந்திருந்தன. தேய்ந்த கலத்தின் மின்னியக்கவிசை சிறிதே குறைய, அகத்தடை பெரிதும் ஏறிவிடுகின்றது. கடிகாரம் வேண்டும் சிற்றோட்டத்துக்கு அது தடையாகாது. விளக்கு வேண்டும் பேரோட்டத்தை அது விடாது.

2013இல் குடாநாடு மீண்டும் நாட்டின் மின்வலையோடு இணைக்கப்பட்டது. நீர்மின் நிலையங்கள், சுன்னாகத்து உபநிலையம், தெருமுனை நிலைமாற்றி ஆகிய அனைத்தும் ஒரு வீட்டின் மின்மானியில் நின்று பார்ப்பார்க்கு ஒரு மின்முதலும் ஒரு தடையுமே. ஆடலோட்டமாகையால் தடங்கல் என்பதே பொருந்துமெனினும், எளிமைக்காகத் தடை என்றே கொள்வோம்.

வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் மின்பம்பி தொடங்கும்போதெல்லாம் அருகிலுள்ள விளக்கு மங்குகின்றதாயின், தோட்டக்காரர் மின்வழங்கலை நோவார். அன்றேல் பம்பியை மாற்றுவார். மின்வேலை அறிந்த ஒருவர், வெப்பச் சாதனம் ஒன்றைச் சுமையாகக் கொண்டு ஈரிடத்தும் அளந்தால் உண்மை வெளிப்படும். சுமையில்லாதபோது ஈரிடத்தும் 228 வோல்ற்று எனக் கொள்க. 10 அம்பியர் எடுக்கும்போது மின்மானியருகே 225, கிணற்றருகே 220. ஆகவே மின்மானியில் சமவலுத்தடை 0.3 ஓம், கிணற்றில் 0.8 ஓம். வேறுபாடாகிய 0.5 ஓம் வீட்டுக்கும் கிணற்றுக்கும் இடைப்பட்ட கம்பியினுடையது. 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி 22 மீற்றர் சென்று மீள்வதற்கு ஏறக்குறைய இத்தடையே உண்டு.

0.3 ஓம் எங்கே இருக்கின்றது என்று எவரும் சுட்டிக்காட்ட இயலாது. பலவற்றின் கூட்டுத் தோற்றம் அது. 0.5 ஓமோ கையால் தொடத்தக்க கம்பி. அதிலே 10 அம்பியரில் 50 உவாற்று மெய்யாகவே வெப்பமாகிப் போகின்றது. 4 சதுர மில்லிமீற்றர் கம்பி இடின் அத்தடை ஏறத்தாழ 0.2 ஓமாகும். பம்பி தொடங்குங்கால் 25 அம்பியர் இழுப்பின், கிணற்றடியில் 208 வோல்ற்றாக வீழ்ந்தது இனி 215.5 வோல்ற்றில் நிற்கும்.