வீட்டுக்கு வரட்டும் பி.பி. மிஷின்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக ஜனக்கூட்டம். வெளியூர் பஸ்கள் நகருக்கு வெளியிலேயே நின்றுவிடும். பாதையோரம் குடியிருக்கும் கர்ப்பிணிக்கு அன்று ஆஸ்பத்திரிக்குப் போய்வருவது லேசான காரியமல்ல. பி.பி. என்ன, பௌர்ணமி பார்த்தா ஏறுகிறது?

கர்ப்பிணிகளைக் கவனிப்பதில் தமிழகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பரிசோதனை என்று 2007-லேயே அரசு உத்தரவிட்டது. அதற்காகப் பாடுபட்டவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வி.சேஷையா. அவர் வகுத்த முறையில் வெறும் வயிறு கட்டாயமில்லை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவரை, 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

அரசின் 'பிக்மி' இணையதளத்தில் கர்ப்பத்தைப் பதிந்தால் ஆர்.சி.எச். எண் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியர் எடை, பி.பி., ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பதிகிறார். மத்திய அரசுத் திட்டத்தின்படி 2016 முதல் மாதந்தோறும் 9-ம் தேதி மருத்துவரும் பார்க்கிறார்.

சிக்கல், ஒரு செக்கப்புக்கும் அடுத்த செக்கப்புக்கும் நடுவில்தான். அந்த இடைவெளியில் பி.பி. ஏறினால் யாருக்கும் தெரியாது.

பிரிட்டனில் கொரோனா காலத்தில் கர்ப்பிணிகளின் வீட்டுக்கே அரசு செலவில் பி.பி. மிஷின் போனது. ஆனால், அங்கே சுமார் 2,400 பேரிடம் நடந்து, 2022-ல் வெளியான ஆய்வின் முடிவு யோசிக்க வைக்கிறது: வீட்டில் அளந்து செயலியில் பதிந்தும், உயர் ரத்த அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவுக்கு முன்னதாகப் பிடிபடவில்லை. ஆக, மிஷினை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிட முடியாது. அளவைப் பார்த்ததும் கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆள் இங்கே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். பி.பி., சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் வரை மிஷினை இரவல் கொடுத்து, தினசரி அளவைச் செவிலியரின் போனுக்கு வரவழைக்கலாம். 140/90-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம் சேர்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். சுகாதாரத் துறை இதைத் திருவண்ணாமலையில் தொடங்கிப் பார்க்கலாம்.

அதுவரை கர்ப்பிணிகள் ஒன்றை மறக்க வேண்டாம்: விடாத தலைவலி, கண் மங்கல், திடீர் முகவீக்கம் இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.