பெட்டி அச்சடிக்குமுன் வரைந்து பார்ப்போம்

போடிநாயக்கனூர் வணிகர்களாகிய நாம் ஏலக்காயை மூட்டைக் கணக்கில் வாங்கி விற்றே பழகியவர்கள். சொந்தப் பெயரில் 50 கிராம், 100 கிராம் பெட்டிகளில் விற்க விரும்புவோரும் நம்மிடையே உண்டு. "நல்ல கலரில் ஒரு டிசைன் போடுங்கள்" என்று அச்சகத்தில் சொல்லிவிட்டு வருவது எளிது. ஆயிரக்கணக்கில் அச்சாகி வந்தபின் சரக்கு பெட்டியில் கொள்ளவில்லை என்றால் நஷ்டம் நம்முடையதே. பொருள் வடிவமைப்பாளர்கள் படம் வரைவது அழகுக்காக மட்டுமல்ல. தவறைக் காகிதத்திலேயே கண்டு திருத்துவதற்காக. அவர்கள் வரையும் முறைகளை நாமும் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் கேள்விகள்

1958-ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு, அது எவ்வளவு கொள்ள வேண்டும், தூக்கும் கை எப்படிப்பட்டது, ஊற்றும்போது எப்படி இருக்கும் என்று கேள்விகளாகவே அதில் அடுக்கியிருந்தனர். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியதற்கு அந்த அறிக்கையே அடிப்படை. நம் பெட்டிக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

சிறு படங்கள்

தீப்பெட்டி அளவில், பென்சிலால், பத்துப் பதினைந்து படங்கள் வேகமாக வரைய வேண்டும். ரப்பர் வேண்டாம்; பிடிக்காததை விட்டுவிட்டு அடுத்ததை வரையலாம். உதாரணமாக, பச்சை நிறம் தெரியும்படி பெட்டியில் ஜன்னல் வைக்கலாமா? வைத்தால் வாடிக்கையாளர் காயைப் பார்த்து வாங்குவார். ஆனால் வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும். ஜன்னலைச் சிறிதாக்குவதா, பக்கவாட்டில் வைப்பதா, வேண்டாமா என்பதை இந்தக் கட்டத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

கன வடிவப் படம்

போடி ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல் தெரியும். கண்ணுக்குத் தெரிகிறபடியே அவ்வாறு வரைவது ஒரு முறை. கடை அலமாரியில் பெட்டி எப்படித் தோன்றும் என்பதை அது காட்டும். பக்கக் கோடுகளை 30 டிகிரி சாய்வில், குறுகாமல் வரைவது மற்றொரு முறை. இதில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளவுகோல் வைத்தே எடுக்கலாம்.

அளவுப் படம்

முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் ஆகிய மூன்றையும் மில்லிமீட்டர் அளவுகளுடன் வரைவதே அளவுப் படம். இங்கேதான் நமக்குப் பழக்கமான லிட்டர் எடை உதவுகிறது. அக்மார்க் தரப்படி 7 மி.மீ. காய் லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம், 5 மி.மீ. காய் 385 கிராம். அந்தக் கணக்கில் 100 கிராமுக்கு முன்னதற்கு சுமார் 230 கன செ.மீ. இடமும், பின்னதற்கு சுமார் 260 கன செ.மீ. இடமும் தேவை. 5 × 5 × 10 செ.மீ. பெட்டியின் கொள்ளளவு 250 கன செ.மீ. பெரிய காய் அடங்கும். சிறிய காய் அடங்காது. உள் உறைக்கும் இடம் விட வேண்டும்.

விரிப்புப் படம்

பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் எப்படியிருக்குமோ அதுவே விரிப்புப் படம். வெட்டும் கோடு முழுக்கோடாகவும், மடிக்கும் கோடு விட்டுவிட்டும் வரையப்படும். மேற்சொன்ன பெட்டியின் நான்கு பக்கங்களும் சேர்ந்து 200 மி.மீ.; ஒட்டும் மடிப்புக்கு 15 மி.மீ. சேர்த்தால் 215 மி.மீ. ஓர் அட்டைத் தாளில் எத்தனை பெட்டி வெட்டலாம், சேதாரம் எவ்வளவு என்பதை இதை வைத்தே அச்சகத்தாருடன் கணக்கிடலாம். பேக் செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, நுகர்வோர் தொடர்பு விவரம், உணவுப் பாதுகாப்பு உரிம எண், சைவக் குறி ஆகியவற்றுக்கும் இதிலேயே இடம் குறித்துவிட வேண்டும். இவை சட்டம் கேட்பவை. கடைசியில் திணிக்கக் கூடாது.

வண்ணப் படம் இவை எல்லாவற்றுக்கும் பின்னரே. விரிப்புப் படத்தைச் சாதாரண அட்டையில் வெட்டி, மடித்து, நம் சரக்கை நிறுத்துப் போட்டு, மூடிப் பார்ப்போம். மூடி சரியாக அமர்ந்தால் மட்டுமே டை வெட்டச் சொல்வோம். ஒரு பென்சிலும் சில அட்டைகளும் நம் முதலைக் காக்கும்.