அடிக்கக் கூடாத ஊரில் அம்மாவாக

சோமாலியாவின் உள்நாட்டுப் போருக்குத் தப்பி ஸ்வீடனில் குடியேறிய அம்மாக்களை அங்கே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது: பிள்ளையைக் கண்டித்தால் அரசு அழைத்துக்கொண்டு போய்விடுமோ? உலகிலேயே முதலாவதாக, 1979இல், பிள்ளைகளை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த தேசம் அது. மொழி தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக் கடிதத்தை மகன்தான் படித்துச் சொல்ல வேண்டும். (மொழிபெயர்ப்பவன் கையில் எத்தனை அதிகாரம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்!)

'லத்னான்' (சோமாலி மொழியில் நலம்) என்ற திட்டம் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டியது. 12 வாரம், பேச்சு தாய்மொழியில். பத்து வாரம் கனடாவில் உருவான 'கனெக்ட்' பயிற்சி: கதவை அறைந்து சாத்தும் மகளின் கோபத்துக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசிக்கப் பழகுவது. மற்ற இரண்டில் குழந்தை உரிமையும் சமூகநலத் துறையின் நடைமுறையும். பயிற்சி முடிந்து இரண்டு மாதத்தில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்திருந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொன்னது.