"அங்கே மூணு மணிக்கே இருட்டிடும்மா..." வெளிநாட்டுப் பிள்ளைகளை வாட்டும் குளிர்கால மனச்சோர்வு

டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. சேலம் அம்மாபேட்டையில் இரவு 8 மணி. நார்வேயில் வேலை பார்க்கும் மகனுக்கு வீடியோ கால் போடுகிறார் ஓர் அம்மா. ஆஸ்லோ நகரத்தில் அப்போது பிற்பகல் 3.30 மணிதான். ஆனால், ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.

"ஏங்கண்ணு, இந்நேரத்துக்குப் படுத்திருக்க? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. தூக்கம் தூக்கமா வருது."

"போன மாசமும் இதையேதான சொன்ன? நல்ல வேலை, நல்ல சம்பளம். உனக்கு என்ன சாமி குறை?"

மகனிடம் பதில் இல்லை. "நெட் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிடுகிறான்.

பிள்ளைகளைக் குளிர் நாடுகளுக்கு அனுப்பியிருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய உரையாடல்தான் இது. 'பையன் சோம்பேறி ஆயிட்டான்', 'பொண்ணு நம்மளை மறந்துட்டா' என்று இங்கே வருத்தப்படுகிறார்கள். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது ஒரு நோயாக இருக்கலாம். அதற்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு.

நமக்குப் புரியாத இருட்டு

சேலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வருகிறது. அன்றைக்கும் காலை ஆறரைக்கு விடிந்து, மாலை ஆறு மணிக்குத்தான் சூரியன் மறையும். கிட்டத்தட்ட பதினொன்றரை மணி நேரப் பகல். ஜூன் மாதத்தின் நீண்ட பகலோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம். பனிக்காலம் என்றால் நமக்கு ஸ்வெட்டரும் மார்கழிக் கோலமும்தான் நினைவுக்கு வரும்.

அதே டிசம்பர் 21 அன்று டொரன்டோவில் பகல் சுமார் 9 மணி நேரம். லண்டனில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஆஸ்லோவில் 6 மணி நேரம்கூட முழுசாக இல்லை. காலை 9 மணி தாண்டி விடிந்து, மூன்றேகாலுக்குள் அஸ்தமனம். இருட்டில் ஆபீஸ் கிளம்பி, இருட்டில் வீடு திரும்புகிறவர் வார நாள்களில் வெயிலையே பார்க்காமல் இருக்க நேரிடும்.

பெயர் வைத்த டாக்டர்

நார்மன் ரோசன்தால் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் வளர்ந்தவர். வெயிலுக்குப் பழகிய அவர் மனநல மருத்துவராக அமெரிக்கா சென்றபோது, குளிர்காலம் வந்ததும் தன் சுறுசுறுப்பு குறைவதையும், வசந்த காலத்தில் அது திரும்புவதையும் கவனித்தார். இதே அனுபவம் பலருக்கும் இருப்பதை ஆராய்ந்த அவரது குழு, 1984-ல் இதைப் 'பருவகால மனச்சோர்வு' என்று மருத்துவ உலகுக்கு விளக்கியது.

சாதாரண மனச்சோர்வில் பலருக்குத் தூக்கம் வராது, பசிக்காது. குளிர்கால மனச்சோர்வில் பெரும்பாலும் நேர்மாறு. எவ்வளவு தூங்கினாலும் போதாது. சோறு, பிரெட், இனிப்பு என்று மாவுச்சத்தைத் தேடும். எடை கூடும். யாரோடும் பேசப் பிடிக்காது, வேலையில் கவனம் நிற்காது. இளம் வயதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பாதிக்கிறது.

வீட்டு ஞாபகத்தில் நாலு நாள் சோர்ந்து கிடப்பது வேறு, இது வேறு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது அதே பருவத்தில் வந்து, கோடையில் விலகினால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். அதற்காக, முதல் ஆண்டு சிரமப்படுகிறவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தாலே டாக்டரைப் பார்க்கலாம்.

கண் வழியாக ஓடும் கடிகாரம்

நம் மூளைக்குள் உடலின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டதும், தூக்கத்துக்கான மெலடோனின் ஹார்மோனைக் குறைக்கச் சொல்லி அது உத்தரவிடும். விடியலே தாமதமானால் அந்த உத்தரவும் தாமதமாகும். ஊர் விழித்துவிடும், உடம்பு மட்டும் நள்ளிரவிலேயே நிற்கும். மனநிலையைச் சீராக வைக்கும் செரடோனினும் வெளிச்சக் குறைவால் பாதிக்கப்படுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வடதுருவத்துக்கு அருகே தமிழர்கள்

இலங்கையில் போர் மூண்ட பிறகு, நார்வேக்கு அகதிகளாகப் போன தமிழர்களில் கணிசமானவர்கள் நாட்டின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க் பகுதியில் குடியேறினார்கள். அங்கே மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. அந்தக் கடற்கரை ஊர்களில் நவம்பர் கடைசியிலிருந்து சுமார் இரண்டு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை.

அப்படி ஒரு மீன்பிடி ஊரில் தமிழர்களோடு பழகி ஆராய்ந்தார் ஆன் சிக்ஃபிரிட் குரோன்செத் என்ற நார்வே மானுடவியலாளர். 2010-ல் இது நூலாகவும் வந்தது. தமிழர்கள் ஊர் மருத்துவமனைக்கு அடிக்கடி வந்தார்கள். உடம்பெல்லாம் வலி, அசதி என்றார்கள். டாக்டர்களால் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உறவு, கோயில், சடங்கு, அக்கம்பக்கம் என்று தங்களைத் தாங்கி நின்ற எல்லாவற்றையும் இழந்த துக்கம்தான் உடம்பு வலியாக வெளிப்படுகிறது என்பது குரோன்செத்தின் விளக்கம்.

ஆக, பிரச்னை இருட்டு மட்டும் அல்ல. இருட்டோடு தனிமையும் சேரும்போதுதான் பாரம் கூடுகிறது. இன்னொன்றையும் இதில் கவனிக்க வேண்டும். 'மனசு சரியில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல நம்மவர்களுக்கு வராது. 'முதுகு வலி', 'தலை பாரம்', 'ஒரே அசதி' என்றுதான் வரும். போனில் பிள்ளை அடிக்கடி இப்படிச் சொன்னால், 'தைலம் தேச்சுக்கோ' என்பதோடு பேச்சை முடித்துவிடக் கூடாது.

என்ன செய்யலாம்?

* பகலில் வெளியே போவது: வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் 500 லக்ஸுக்குள்தான் இருக்கும். மேகம் மூடிய நாளில்கூட நண்பகலில் வெளியே அதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. மதிய இடைவேளையில் அரை மணி நேரம் நடப்பது நல்லது.

* ஒளி சிகிச்சை: இதற்கென்றே 10,000 லக்ஸ் விளக்குகள் கிடைக்கின்றன. காலையில் எழுந்ததும் அதன் முன்னால் சுமார் 30 நிமிடம் உட்கார வேண்டும். நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. காபி குடிக்கலாம், படிக்கலாம். கண் நோய் இருப்பவர்களும் பைபோலார் பாதிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தவே கூடாது.

* பேச்சு சிகிச்சை: எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் சி.பி.டி முறை இதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் குழு இதை ஒளி சிகிச்சையோடு ஒப்பிட்டது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகப் பலன் தந்தன. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, சி.பி.டி பெற்றவர்களிடம் நோய் திரும்பியது குறைவு.

* மருந்து: தேவைப்பட்டால் டாக்டர் தருவார். ஊரிலிருந்து மாத்திரை வாங்கிப் பார்சல் அனுப்பும் வேலை வேண்டாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால், அது மட்டுமே இந்தச் சோர்வைப் போக்கிவிடும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது.

அம்மாபேட்டையிலிருந்து செய்யக்கூடியது

முதலில், போன் பண்ணும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். நமக்கு வசதியான நேரத்தைவிட, அவர்கள் எழ வேண்டிய நேரம் முக்கியம். குளிர்காலத்தில் ஆஸ்லோவில் காலை 8 மணி என்றால் இங்கே பகல் 12.30. லண்டன் என்றால் 1.30. டொரன்டோ என்றால் மாலை 6.30. 'எழுந்துட்டியா கண்ணு, ஜன்னல் திரையைத் திற' என்று அம்மா சொல்வதே படுக்கையிலிருந்து எழ ஒரு காரணமாக இருக்கும்.

அடுத்து, கேள்விகள். 'சாப்பிட்டியா?' என்பதோடு 'இன்னைக்கு வெளியே போனியா? யார்கூடவாவது பேசினியா?' என்றும் கேளுங்கள். 'லட்சத்துல சம்பாதிக்கற, உனக்கென்ன கவலை' என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை உண்மையைச் சொல்லாது. பக்கத்தில் தமிழ்ச் சங்கமோ கோயிலோ நண்பர் வீடோ இருந்தால், வாரம் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

'வாழவே பிடிக்கலை' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் தள்ளிப்போட வேண்டாம். அங்கே இருக்கும் நண்பரை உடனே நேரில் போகச் சொல்லுங்கள். நார்வேயிலும் பிரிட்டனிலும் 116 123, கனடாவிலும் அமெரிக்காவிலும் 988 ஆகிய எண்களில் பிள்ளை பேசலாம். தவித்துப்போகும் பெற்றோர் இங்கிருந்து அரசின் டெலி-மானஸ் எண்ணான 14416-ஐ இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

தை பிறந்தால்...

நார்வேயில் ரியூகன் என்றொரு சிற்றூர். மலை மறைப்பதால் செப்டம்பர் முதல் மார்ச் வரை அந்த ஊருக்குள் வெயில் இறங்காது. 2013-ல் மலை மேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நட்டு, வெயிலை ஊர்ச் சதுக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இன்னும் வடக்கே ட்ரொம்சோ நகரத்தில், இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு ஜனவரி 21-ஐ ஒட்டிச் சூரியன் தலைகாட்டும் நாளில் இனிப்பு பன் சாப்பிட்டுக் கொண்டாடுகிறார்கள். கிட்டத்தட்ட அவர்களுடைய பொங்கல்!

டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நாளுக்கு நாள் நீளும். நாம் பொங்கல் வைக்கும் நாளில் ஆஸ்லோவின் பகல் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கூடியிருக்கும். அன்றைக்கு வீடியோ காலில் பொங்கல் பானையைக் காட்டும்போது, இதையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "வெளிச்சம் வந்துட்டே இருக்கு கண்ணு. அதுவரைக்கும் டாக்டர்கிட்டயும் போ, எங்ககிட்டயும் பேசு."